இயேசுவை முழு மனதோடு நேசிப்பது: பெங்களூர்த் தமிழ்க் கிறிஸ்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன், அல்சூர் பக்கம் வீடுகளில் கூடும் தமிழ் ஜெபக்குழுக்களில் வேதபாடம் எடுத்து வருகிறேன். ஊரிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள், இங்கேயே பிறந்து பேரன் பேத்தி எடுத்தவர்கள், கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் அக்காமார் என்று எல்லாரும் வருவார்கள். பாடம் எதுவாக இருந்தாலும், முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: இயேசுவின் மேல் எனக்கு உண்மையான அன்பு இருக்கிறதா? அதை அன்றாட வாழ்க்கையில் எப்படிக் காட்டுவது? அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வசனங்கள் நம் ஆலயங்களில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

முழு இருதயத்தோடு அன்புகூருவது என்றால் வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போவதா?

சிலரை இயேசு அப்படி அழைக்கிறார். பேதுருவும் யோவானும் வலையை விட்டுவிட்டு அவர் பின்னே போனார்கள். ஆனால் எல்லாரையும் அப்படிக் கூப்பிடவில்லை. கதரேனருடைய நாட்டில் பிசாசின் பிடியிலிருந்து விடுதலை பெற்றவன், கூடவே வருகிறேன் என்று கெஞ்சினான். இயேசு அவனிடம், "நீ உன் இனத்தாரிடத்தில் உன் வீட்டிற்குப்போய்" கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல் என்று திருப்பி அனுப்பினார் (மாற்கு 5:19). வரி வசூலித்த சகேயு தன் ஊரான எரிகோவை விட்டுப் போனதாக லூக்கா எழுதவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்று மட்டும் எல்லார் முன்பாகவும் சொன்னான். ஊருக்கே அவனைத் தெரியும். அங்கேயே இருந்துகொண்டு, தான் யாரை ஏமாற்றினானோ அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது ஊரை விட்டுப் போவதை விடக் கஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒயிட்ஃபீல்டில் கோட் எழுதுகிறவரும், பீன்யாவில் லேத் ஓட்டுகிறவரும், வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவரும் இருக்கிற இடத்திலேயே முழு இருதயத்தையும் கொடுக்கலாம்.

ஆராதனையில் எல்லாரும் கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. எனக்கு அன்பு இல்லையா?

இதைத்தான் வாலிபர்கள் அதிகம் கேட்கிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். யோவான் 21-ஐத் திறந்து பாருங்கள். பேதுரு மூன்று முறை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில், குளிர்காய்ந்துகொண்டு நின்றபோது. உயிர்த்தெழுந்த இயேசு திபேரியா கடற்கரையில் அவனுக்காகக் காத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில்தான். மேலே மீன் வெந்துகொண்டிருக்கிறது, அப்பமும் இருக்கிறது. முதலில் "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்டு முடித்த பிறகுதான், "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று கேட்டார். மூன்று முறை கேட்டார். பேதுரு ஆம் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவனுக்கு ஒரு வேலை கொடுத்தார்: ஆட்டுக்குட்டிகளை மேய், ஆடுகளை மேய். எவ்வளவு அழுதாய் என்று கேட்கவில்லை.

உணர்ச்சி வருவதும் வராததும் ஓரளவு நம் சுபாவத்தைப் பொறுத்தது. சிலர் கல்யாண வீட்டிலும் அழுவார்கள். சிலர் அப்பாவை அடக்கம் செய்யும்போதுகூடக் கல்லாக நிற்பார்கள், ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாதமும் ஆஸ்பத்திரியில் பாயை விரித்துப் படுத்தவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். பாட்டு நேரத்தில் நெஞ்சு உருகவில்லையே என்று உங்களை நீங்களே வாட்டிக்கொள்ளாதீர்கள். ஆட்டுக்குட்டி ஏதாவது உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஞாயிறு பள்ளியில் அடங்காத பையன் ஒருவன், பக்கத்து அறையில் காய்ச்சலோடு கிடக்கும் ஒரு பெண், யாராவது இருப்பார்கள்.

அப்படியானால் கைதட்டிப் பாடுவதும் சத்தமாக ஜெபிப்பதும் தப்பா?

இல்லவே இல்லை. தாவீது உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் தன் முழுப் பலத்தோடும் நடனம்பண்ணினான். ஜன்னல் வழியாகப் பார்த்து இகழ்ந்த அவன் மனைவி மீகாளின் பக்கம் வேதம் நிற்கவில்லை. பாமாலை பாடி வளர்ந்தவர்கள் கைதட்டுகிறவர்களையும், கைதட்டி வளர்ந்தவர்கள் பாமாலை பாடுகிறவர்களையும் அளந்து பார்ப்பதை நிறுத்தினாலே நம் சபைகளில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். ஒன்று மட்டும்: இரவு 10 மணிக்கு மேல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்று 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சந்து முழுக்க வீடுகள் நெருங்கி நிற்கும் நம் ஏரியாக்களில், பரீட்சைக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக மைக்கை அணைப்பதும் இயேசுவுக்காகச் செய்வதுதான்.

ஞானஸ்நானம் எடுத்த புதிதில் இருந்த அனல் இப்போது இல்லை. அது திரும்ப வருமா?

வரும். ஆனால் நாம் தேடுகிற இடத்தில் பெரும்பாலும் அது இல்லை. இன்னொரு கன்வென்ஷனுக்குப் போனால் வரும், பெரிய ஊழியக்காரர் தலையில் கை வைத்தால் வரும் என்று ஓடுகிறோம். இரண்டு நாள் சூடாக இருக்கும். செவ்வாய்க்கிழமை காலையில் பழையபடி.

வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் எபேசு சபைக்குக் கர்த்தர் எழுதச் சொன்ன கடிதத்தை நிதானமாக வாசியுங்கள். அது சோம்பேறிச் சபை அல்ல. உழைத்தார்கள், சகித்தார்கள், கள்ள அப்போஸ்தலரைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய கணக்கில் எல்லாக் கமிட்டியிலும் இருந்தவர்கள். அவர்களிடம்தான், "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்கிறார். ஆலய வேலை நிறையச் செய்கிறவர்களுக்கு இந்த வசனம் அதிகம் வேண்டும். காயர், பெண்கள் ஐக்கியம், அறுப்பின் பண்டிகை ஏலம், கணக்கு வழக்கு என்று இயேசுவைச் சுற்றியே ஓடிக்கொண்டிருப்போம், அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம்.

அதற்கு அவர் சொன்ன வழி மூன்று வினைகள்: நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்த கிரியைகளைச் செய். ஆதியில் பட்ட உணர்ச்சியைத் திரும்பப் படு என்று அவர் சொல்லவில்லை. ஆகவே நான் கேட்பது இதுதான்: அந்தப் புதிதில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஒருவர் சொன்னார், காலையில் ஃபோனைத் தொடுமுன் ஒரு சங்கீதம் வாசிப்பேன் என்று. இன்னொருவர், யாரிடமாவது கோபப்பட்டால் அன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்பேன் என்றார். ஒரு அக்கா, கையில் 50 ரூபாய் மிஞ்சினாலும் யாருக்காவது கொடுப்பேன் என்றார். அதில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, இந்த வாரம் மறுபடி தொடங்குங்கள். நெஞ்சு பின்னாலேயே வரும். சில நாள் பொறுத்து வரும், அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு கேப் ஏறினால் இரவு ஒன்பதுக்குத்தான் பி.ஜி. விடுதிக்குத் திரும்புகிறேன். எப்போது ஜெபிப்பது?

இந்த நகரத்தில் நேரத்தைத் தின்பது சாலை. சில்க் போர்டு, டின் ஃபேக்டரி சந்திப்புகளின் நெரிசலில் நாம் உட்கார்ந்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு உபவாச ஜெபக் கூட்டமே நடத்தலாம். அந்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரவே ஒரு பகுதியைத் தேர்ந்து வையுங்கள். கேப்பில் ஏறியதும் இயர்ஃபோனில் அதைக் கேளுங்கள், இரண்டாம் முறையும் கேளுங்கள். பிறகு இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு, அன்றைக்குப் பார்க்கப்போகிற மனிதர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி அவர் முன் வையுங்கள். மேனேஜர், பக்கத்து சீட், பேன்ட்ரியில் காபி கொடுக்கும் அண்ணன். வாயைத் திறக்க வேண்டியதில்லை.

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கர்மேல் மடத்துச் சமையலறையில் லாரன்ஸ் என்ற சகோதரர் வேலை செய்தார். பெரிய படிப்பு இல்லை, குருப்பட்டம் இல்லை. பாத்திரம் உருளுகிற சத்தத்தின் நடுவிலும் தேவனோடு பேசிக்கொண்டிருந்தார். ஜெப நேரம், வேலை நேரம் என்ற பிரிவே அவருக்குக் கரைந்துபோனது. நமக்கும் அது கூடும், ஆனால் ஒரு நாளில் கூடாது.

ஊரில் இருக்கும் அம்மாவோடு ஃபோனில் பேசுவது போல வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் பேசினோம் என்று எண்ணுவதில்லை. ஆனால் மூன்று நாள் பேசாமல் இருந்தால் இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். அதோடு, வாரத்தில் ஒரு நாளாவது கதவைப் பூட்டிக்கொண்டு அரை மணி நேரம் தனியாக உட்காருங்கள். பி.ஜி.யில் மூன்று பேர் இருக்கும் அறை என்றால் மொட்டை மாடிக்குப் போங்கள். மத்தேயு 6:6-ல் அவர் சொன்ன அறை வீட்டு அறையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் ஷிஃப்ட். ஆலயத்துக்குப் போக முடியாதபோது?

காலை ஆராதனை போனால் மாலை ஆராதனை. அதுவும் போனால் வாரநாளில் ஏதாவது வீட்டு ஐக்கியம். யூடியூபில் பார்ப்பது ஒரு கைத்தாங்கல். அதையே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். உங்களைக் காணோமே என்று தேடுவதற்கு நாலு பேராவது வேண்டும்.

ஆபீஸில் இயேசுவைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அவரைக் குறித்து வெட்கப்படுகிறேன் என்று ஆகுமா?

பேச வேண்டிய நேரத்தில் பயந்து வாயை மூடினால் ஆகும். ஆனால் டீம் வாட்ஸாப்பில் தினமும் வசனம் போடுவது சாட்சி ஆகிவிடாது. "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று கொலோசெயருக்குப் பவுல் எழுதியது முக்கியமாக அடிமைகளாய் வேலை செய்தவர்களுக்கு. டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம் என்று போட்டால் எட்டு மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். ஜூனியர் செய்த வேலையை மீட்டிங்கில் உங்கள் பெயரில் சொல்லக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தால் ஒரு நாள் யாராவது கேட்பார்கள். அப்போது சொல்லுங்கள். "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" சொல்லச் சொல்கிறார் பேதுரு. கேட்கிறவருடைய சாமியை மட்டம் தட்டாமல், இயேசு உங்களுக்கு யார் என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு வாதத்திறமை வேண்டாம்.

"சாமி, சர்ச்சுன்னு அலையிறே" என்று வீட்டுக்காரர் எரிச்சல்படுகிறார். என்ன செய்வது?

கொஞ்சம் நேரடியாகவே கேட்கிறேன்: நீங்கள் கூட்டத்துக்குப் போகும் நாளில் வீட்டில் சாப்பாடு இருக்கிறதா? திரும்பி வரும்போது முகம் எப்படி இருக்கிறது? இயேசுவின் மேல் இருக்கும் உற்சாகம் புருஷனுக்கு ஒரு சக்களத்தி மாதிரித் தெரிந்தால் அவர் கோபத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வாரத்தில் நாலு கூட்டத்தை இரண்டாகக் குறைத்துவிட்டு, அந்த இரண்டு சாயங்காலத்தையும் அவருக்குக் கொடுங்கள். பேதுருவின் முதல் நிருபம் 3-ஆம் அதிகாரம் போதனையில்லாமல் நடக்கையினால் ஆதாயப்படுத்துவதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அடி, மிரட்டல், வேதத்தைக் கிழிப்பது என்று போனால் அது வேறு விஷயம். அதைப் பொறுத்துக்கொள்வது பக்தி ஆகாது. உங்கள் சபைப் போதகரான ஐயரிடமோ நம்பிக்கையான ஒரு மூத்த சகோதரியிடமோ உடனே சொல்லுங்கள். தேவைப்பட்டால் போலீஸுக்கும் போகலாம்.

காணிக்கை அதிகம் கொடுத்தால் அதிக அன்பு என்று அர்த்தமா?

பெத்தானியாவில் ஒரு பெண் விலையேறப்பெற்ற நளததைலத்தை அவர் தலைமேல் ஊற்றினாள். முந்நூறு பணத்துக்கு அதிகமாக விற்கலாமே என்று சிலர் முறுமுறுத்தார்கள். ஒரு நாள் கூலி ஒரு பணம் என்று பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம். இயேசு அவளைத் தடுக்கவில்லை. "இவள் தன்னால் இயன்றதைச் செய்தாள்" என்றார். அன்பு சில நேரம் கணக்குப் பார்க்காது. அதைக் கேலி செய்கிற மனது நமக்கு வேண்டாம்.

ஆனால் அதே மாற்கு சுவிசேஷத்தில் 7-ஆம் அதிகாரமும் இருக்கிறது. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை அவர் கடுமையாகக் கண்டித்தார். ஊரில் அப்பாவுக்கு மாத்திரை வாங்கப் பணம் அனுப்பாமல் இங்கே மேடையில் பேர் வாசிக்கும்படி கொடுப்பது அவருக்குப் பிரியமில்லை. வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடச் சொல்கிறவர்கள் யாராக இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள்.

இயேசுவை நேசிக்கிறோம் என்கிறோம். நம்மிடையே சாதி மட்டும் ஏன் போகவில்லை?

இந்தக் கேள்வியை ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். அறையில் பெரியவர்கள் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் நிறையப் பேர் சபையை விட்டே வெளியேறினார்கள். ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுப்பதை விட அது அவர்களுக்கு எளிதாக இருந்தது. கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகிறது. பெங்களூரில் அபார்ட்மெண்ட்டில் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறோம், ஒரே பெஞ்சில் உட்காருகிறோம், சரி. மகளுக்கு வரன் பார்க்கும்போது? "இரட்சிக்கப்பட்ட பையன் வேண்டும்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் சாதியை எழுதுகிறோம். "நம்ம ஆளுங்களா?" என்று தாழ்ந்த குரலில் விசாரிக்கிறோம்.

"தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?" என்று யோவான் கேட்கிறார். விடியற்காலையில் நம் தெருவைப் பெருக்கும் பௌரகார்மிகர்களில் தமிழ் பேசுகிறவர்கள், நம்மைப் போலவே ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோமா? அவர்களை நம் வீட்டு சோபாவில் உட்காரவைத்து, நாம் குடிக்கும் டம்ளரிலேயே டீ கொடுத்திருக்கிறோமா? இயேசுவின் மேல் நமக்குள்ள ஆர்வத்தை நான் பாட்டில் தேட மாட்டேன். இங்கேதான் தேடுவேன். வாலிபர்களே, உங்கள் தலைமுறையில் இது முடியட்டும். கல்யாணப் பேச்சில் அப்பா அம்மாவிடம் மரியாதையோடு, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

சிவாஜிநகர் மாதா திருவிழாவுக்கும் விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலுக்கும் போகிற கூட்டமெல்லாம் பக்தியா?

நான் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்தவள். உபதேசத்தில் கத்தோலிக்கர்களுக்கும் எங்களுக்கும் வித்தியாசம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை காவிச் சேலை கட்டிச் செருப்பில்லாமல் நடந்து வரும் பெண்களையும், வியாழக்கிழமை வேலை முடிந்த களைப்போடு விவேக்நகரில் வரிசையில் நிற்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் இருதயத்தை அளக்கும் வேலை எனக்குக் கொடுக்கப்படவில்லை. மழையில் நிற்க அவர்களுக்கு இருக்கும் மனது எனக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேலை போய்விட்டது, வியாதி, வீட்டில் சாவு. இந்த நிலையில் உற்சாகமாக இருக்க வேண்டுமா?

நடிக்க வேண்டாம். நண்பன் லாசரு இறந்தபோது இயேசு கண்ணீர் விட்டார். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, "போதும் கர்த்தாவே" என்றபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான். சாப்பிட்டான், மறுபடி படுத்தான், மறுபடி எழுப்பினான். மாதக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். நிமான்ஸ் மனநல மருத்துவமனை நம் ஊரிலேயே இருக்கிறது. அங்கே போவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். 1895-ல் அயர்லாந்துக்காரரான அவர் இந்தியாவுக்கு வந்து இறங்கிப் பணி தொடங்கியது நம் பெங்களூரில்தான். பிறகு திருநெல்வேலிச் சீமைக்குப் போய், தமிழ் கற்று, டோனாவூரில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயானார். 1931-ல் விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறைக்குள்தான். ஓடி ஓடிச் செய்த வேலையெல்லாம் நின்றுபோனது, அன்பு நிற்கவில்லை. படுக்கையிலிருந்தே எழுதினார், ஜெபித்தார், வந்த பிள்ளைகளின் பேச்சைக் கேட்டார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு தொட்டியைத்தான் அங்கே வைத்தார்கள். உங்களால் இன்றைக்கு முடிந்தது "கர்த்தாவே, இருக்கிறீரா" என்ற ஒரு வரி மட்டும் என்றால், அதைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளுக்கு இந்த அன்பை எப்படிக் கொடுப்பது? அவர்களுக்குத் தமிழ் வாசிக்கவே தெரியவில்லை.

ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ வாசிக்கட்டும். தமிழ் வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, ஆனால் மொழிக்காக இயேசுவைத் தள்ளி வைக்க வேண்டாம். உபாகமம் 6-ல் சொன்னபடி வீட்டில் உட்காருகிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பேசுங்கள். ஆலயத்திலிருந்து திரும்பும் காரில் என்ன பேசுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். ஐயர் பிரசங்கம் நீளம், செயலாளர் சரியில்லை, அந்த அம்மா பட்டுச்சேலை என்று வீடு வரை பேசினால், பின் சீட்டில் இருக்கிற பிள்ளைக்கு ஆராதனை அதுதான். அதற்குப் பதில் பிரசங்கத்தில் உங்களைத் தொட்ட ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். தொடவில்லை என்றால் பாட்டைப் பற்றிப் பேசுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

அவரைப் பார்ப்பதிலிருந்து. "அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால் நாமும் அவரிடத்தில் அன்புகூருகிறோம்" என்கிறது 1 யோவான் 4:19. முதலில் அவர் அன்பு, பிறகு நம் அன்பு. நம்மை நாமே பிழிந்து உற்சாகத்தை வரவழைக்க முடியாது. மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: மொத்தம் 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று. வாசிக்கும்போது ஒரே கேள்வி: இந்த அதிகாரத்தில் அவர் யாரைத் தொட்டார், யாரிடம் கோபப்பட்டார், யாருக்காக நின்றார்? குஷ்டரோகியைத் தொட்டதை வாசித்த அன்று யாரைத் தொடத் தயங்குகிறோம் என்று யோசியுங்கள். 14-ஆம் அதிகாரமும் 15-ஆம் அதிகாரமும் வரும்போது அவசரப்படாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் எடுத்தாலும் பரவாயில்லை. கேப்பில் கேட்க வேண்டாம், உட்கார்ந்து வாசியுங்கள். தோன்றுவதை நோட்டில் நாலு வரி எழுதுங்கள், புரியாததையும் எழுதுங்கள். முடித்த பிறகு அந்த நோட்டோடு அடுத்த குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். புரியாத பக்கத்திலிருந்தே பேசத் தொடங்கலாம்.